களஞ்சியத்தின் முன்னே களம் வேண்டும்

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில், அப்பரடிகள் பாடிய பாலைவனநாதர் கோயிலின் பக்கத்தே, செங்கல்லால் எழுப்பிய வட்டமான நெற்களஞ்சியம் ஒன்று நிற்கின்றது. தஞ்சை நாயக்கர் ஆட்சியில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பெற்றது. ஏறத்தாழ முப்பத்தைந்தடி உயரம். அடியில் உருளையாய்த் தொடங்கி, மேலே செல்லச் செல்லக் குவிந்து, பெரியதொரு வைக்கோற்போரைச் செங்கல்லில் வார்த்து நிறுத்தியது போன்ற தோற்றம். 3000 கலம் நெல் கொள்ளும் என்பது கணக்கு. தஞ்சை வழக்கில் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்; இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக, ஆயிரத்தைந்நூறு மூட்டை நெல்லை ஒரே வயிற்றில் அடக்கிய கட்டடம் அது. தமிழக அரசின் தொல்லியல் துறை அதனைக் காக்கப்பட வேண்டிய பழங்கட்டடங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது.

அவ்வயிற்றில் இன்று நெல் இல்லை. நெல் செல்லும் வழியே மாறிவிட்டது. 1972இல் தொடங்கப்பெற்ற நுகர்பொருள் வாணிகக் கழகத்தின் கொள்முதல் நிலையங்களை நோக்கியும், ஆலைகளை நோக்கியும் மூட்டைகள் சரக்குந்துகளில் ஓடுகின்றன. ஊர்க்களங்கள் பல வீட்டுமனைகளாகிப் போனமையின், நெடுஞ்சாலையின் ஒரு பாதியில் நெல் காய்வதையும் மறு பாதியில் பேருந்து ஓடுவதையும் அறுவடைக் காலத்தில் காவிரிப் படுகைக்குச் செல்வார் எவரும் காணலாம். நெல்லுக்கே களம் இல்லாத காலத்தில் களஞ்சியத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பாரும் உளர். அதனாலேயே பேச வேண்டியிருக்கின்றது. நானூறாண்டுகளாக நின்ற கட்டடத்தை இனி எதற்கு வைத்துக்கொள்வது என்னும் வினாவுக்கு ஊரார் விடை சொல்லாவிடில், ஊருக்கு வெளியே உள்ளவர் விடை சொல்லிவிடுவர்.

அவர்கள் சொல்லும் விடைகள் இரண்டு. சுற்றிலும் கம்பிவேலியிட்டு, நீலப்பலகை ஒன்றை நட்டு, கதவைப் பூட்டித் திறவுகோலை அலுவலகத்தில் மாட்டிவிடுவது ஒன்று. சுவரைத் துளைத்துப் பலகணி வைத்து, குளிரூட்டி மாட்டி, வண்ணம் பூசி, வெளிநாட்டார்க்குக் காட்டும் காட்சிக்கூடமாகவோ உணவு விடுதியாகவோ ஆக்குவது மற்றொன்று. முன்னது கட்டடத்தை மெல்லக் கொல்லும். பின்னது விரைந்து கொல்லும். இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. களஞ்சியத்தை ஊரின் கலைக்கும் மரபறிவுக்கும் உரிய இடமாக ஆக்கி, அதனை ஊராரே நடத்துவது. அவ்வழி தமிழ் மரபுக்கு அயலானது அன்று என்பதும், அதனை எப்படிச் செய்தல் வேண்டும், எப்படிச் செய்தல் ஆகாது என்பதுமே இங்கு எண்ணத்தக்கன.

நெல்லும் கலையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன. களம் என்றால் நெல்லடிக்கும் இடம். களம் என்றால் போர் நடக்கும் இடம். ஆடுகளம் என்றால் ஆடும் இடம். பொருநர் என்னும் பழங்கலைஞரை வகுத்துரைத்த உரையாசிரியர், ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என மூவகையாகப் பிரித்துக் காட்டினர். அம்மூவருள் முதலில் வைக்கப்பட்டவன் ஏர்க்களம் பாடுவோன். வேந்தனின் வெற்றியைப் பாடுமுன் உழவனின் விளைவைப் பாடிய மரபு அது. களத்தில் பொலி குவிந்திருக்க, அதன் பக்கத்தே கிணையோ தடாரியோ முழங்க, பாடியவன் தன் பங்கு நெல்லை அங்கேயே பெற்றுச் சென்றான். கலைக்குத் தனிக்கூடமும் நுழைவுச்சீட்டும் வந்தது பிற்காலத்தில்.

அரங்கு என்னும் சொல்லும் அவ்வாறே. நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் பழைய வீடுகளில் நெல்லும் பண்டமும் வைக்கும் உள்ளறைக்கு அரங்கு என்றே பெயர். கூத்து நிகழும் மேடைக்கும் அதுவே பெயர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, இருபத்துநான்கு விரல் அளவுள்ள மூங்கிற்கோலால் அரங்கை அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொள்ள வேண்டும் என்று வரையறுக்கின்றது. நெல் வைத்த அறையும் நடம் ஆடிய மேடையும் ஒரு பெயரால் வழங்கியது தற்செயல் என்று தள்ளிவிடத் தக்கதன்று. இரண்டும் வரையறுக்கப்பட்ட இடங்கள், காக்கப்பட்ட இடங்கள். (திருவரங்கம் என்னும் ஊர்ப்பெயரில் உள்ள அரங்கம் ஆற்றிடைக்குறையைக் குறிப்பது, அதனை இதனோடு கலத்தல் ஆகாது. ஆயினும் அத்திருவரங்கத்துக் கோயிலுக்குள்ளும் கொட்டாரம் எனப்படும் வட்டவடிவ நெற்களஞ்சியங்கள் செங்கல்லால் எழுப்பப்பட்டு நிற்கின்றன. அக்கோயிலின் திருப்பணிக்கு 2017இல் யுனெசுகோ அமைப்பின் ஆசிய வட்டாரச் சிறப்புத் தகுதி கிடைத்தது.)

குதிர், குலுக்கை, பத்தாயம், தொம்பை, சேர், கூடு, கோட்டை என நெல் வைக்கும் இடத்துக்கு மட்டும் தமிழன் எத்தனை சொற்களை வைத்திருந்தான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மண்ணால் வனைந்து அடுக்கியது குதிர். கரிசற்காட்டில் அதுவே குலுக்கை. பலகையால் அடைத்தது பத்தாயம். வைக்கோற்புரி சுற்றி விதைநெல்லைப் பொதிந்தது கோட்டை; அதுவே தென்பாண்டியில் நெல்லளவின் பெயராகவும் ஆயிற்று. இன்றைய பள்ளி மாணவரை நிறுத்திக் கேட்டால், இவற்றுள் இரண்டு சொற்களுக்கேனும் பொருள் சொல்வார் அரியர். பொருள் மறைந்தால் சொல் மறையும். சொல் மறைந்தபின் பொருளை மீட்டாலும் அதற்குப் பெயரிட அயல்மொழியிடம் கையேந்த நேரும். களஞ்சியத்தைக் காப்பது என்பதில் இச்சொற்களைக் காப்பதும் அடங்கும்.

மேலைநாட்டார் இத்துறையில் சில பட்டறிவுகளைப் பெற்றுள்ளனர். அவர்கள் செய்தவற்றுள் கொள்ளத்தக்கவும் உண்டு, தள்ளத்தக்கவும் உண்டு. இங்கிலாந்தில் இலண்டனுக்கு மேற்கே, ஈத்ரோ வானூர்தி நிலையத்துக்கு அண்மையில், ஆர்மண்ட்சுவொர்த்து என்னும் சிற்றூரில் 1426ஆம் ஆண்டளவில் கட்டிய பெருங்களஞ்சியம் ஒன்று உள்ளது. வின்செசுட்டர்க் கல்லூரிக்கு உரிய பண்ணையின் தவச விளைவைச் சேர்ப்பதற்காக எழுந்தது. 192 அடி நீளம், 37 அடி அகலம். கருவாலி மரத்தூண்கள் இரு வரிசையாய் நிற்க, நடுவே அகன்ற கூடமும் இருபுறமும் ஒடுங்கிய பக்கங்களுமாக, உள்ளே நுழைவார்க்குப் பெருந்தேவாலயத்துக்குள் நுழைந்தாற்போல் தோன்றும். அதன் மரங்களுள் பெரும்பாலானவை இன்றும் முதலில் நிறுத்தியவையே. 1970கள் வரை அது உழவுத்தொழிலுக்குப் பயன்பட்டது.

அதன் பின்னர் நடந்ததுதான் அறியத்தக்கது. 2006இல் அதன் உடைமையாளராய் இருந்த நிறுவனம் நொடித்துப்போகவே, ஒரே ஒரு பவுண்டு விலைக்கு அக்களஞ்சியத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு அரசு சார்ந்த அமைப்புகளைக் கேட்டனர். அவை மறுத்துவிட்டன. பராமரிக்கும் செலவை எண்ணி அஞ்சின போலும். அந்த ஒரு பவுண்டைக் கொடுத்துத் தனியார் நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டு, கதவை அடைத்துக் கவனியாது விட்டது. கூரை ஒழுகிற்று, பலகைகள் பெயர்ந்தன. ஊரார் முறையிட்டனர்; செய்தித்தாள்கள் எழுதின. முடிவில் 2011இல், முன்னர் ஒரு பவுண்டுக்கு வேண்டா என்ற காப்பமைப்பே 20,000 பவுண்டு கொடுத்து அதனை வாங்கிற்று. பழுது பார்த்து 2015இல் மக்களுக்குத் திறந்தனர். இன்று அதனைத் திறந்து காட்டி, வருவார்க்கு விளக்கம் சொல்பவர் சம்பளம் பெறும் அலுவலர் அல்லர். அவ்வூரைச் சார்ந்த அன்பர் குழுவினர்.

ஒரு பவுண்டுக்குக் கிடைத்ததை இருபதாயிரம் பவுண்டுக்கு வாங்கிய அக்கணக்கைத் தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. இடையில் இழந்த ஐந்தாண்டில் பட்ட சேதத்துக்கான செலவு அதில் சேரவில்லை.

மற்றொன்று கலைக்கூடமாகவே மாறியது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக்கு வட்டாரத்தில், ஆல்டு ஆற்றங்கரையில் உள்ள சினேப்பு என்னும் ஊரில், வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி உலர்த்தும் பெருங்கூடங்களை 19ஆம் நூற்றாண்டில் கட்டியிருந்தனர். 1965இல் அத்தொழில் நின்றது. பக்கத்து ஊரான ஆல்டுபரோவில் 1948இல் இசைவிழாவைத் தொடங்கியோருள் ஒருவரான பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசையாசிரியர், விழாவுக்குப் பெரிய இடம் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டது அக்கூடங்களுள் மிகப் பெரியது. 1967இல் அது இசைக்கூடமாய்த் திறக்கப்பெற்றது. இரண்டே ஆண்டு. 1969இல் அவ்வாண்டு விழாவின் முதல் நாள் இரவே தீப்பற்றிக் கூரை முழுதும் எரிந்தது. சுவர்கள் மட்டுமே எஞ்சின. அவர்கள் ஓராண்டுக்குள் மீண்டும் கூரையிட்டு, 1970ஆம் ஆண்டு விழாவை அங்கேயே நடத்தினர்.

அவ்விசைக்கூடத்தில் கருதத்தக்கது ஒன்று உண்டு. முளைகட்டிய தவசத்தை உலர்த்துகையில் ஆவி வெளியேறுவதற்காகக் கூரை முகட்டில் இருந்த புகைக்கூடுகளின் வடிவத்தை அவர்கள் நீக்கவில்லை. செங்கற் சுவரை வெண்பூச்சால் மூடவும் இல்லை. இசை கேட்க வருபவன் கூரையை அண்ணாந்து பார்த்தால், இவ்விடத்தில் முன்னர் என்ன தொழில் நடந்தது என்பதை அவனுக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை.

ஊரார் பொறுப்பு ஏற்றல் வேண்டும், கட்டடம் தன் பழந்தொழிலை மறைத்தல் ஆகாது என்னும் இரண்டும் கொள்ளத்தக்கன. தள்ளத்தக்கது எது? கலையைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் அடைப்பது. மேலைநாட்டான் உள்ளே அமர்ந்தான். அவன் நாட்டுக் குளிர் அவனை உள்ளே துரத்திற்று. அவன் களஞ்சியமும் நீண்ட கூடமாய், தூண்வரிசையோடு, அமர்வதற்கு வாய்ப்பாய் இருந்தது. கதிரோடு அறுத்த தாளைக் கொண்டுவந்து, கூரைக்குக் கீழேயே அடித்துத் தூற்றும் வழக்கம் அவனுடையது. ஆகவே அவன் களமும் களஞ்சியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

தமிழனின் களஞ்சியம் அத்தகையதன்று. இங்கே களம் வெளியில், வெயிலில். அடித்துத் தூற்றி அளந்த நெல்மணி மட்டுமே களஞ்சியத்துள் புகும். மேல்வாயில் வழியே கொட்டுதல், கீழ்வாயில் வழியே எடுத்தல் என்பது இத்தகைய கட்டடங்களின் அமைப்பு. முதலிற் கொட்டியது முதலில் வெளிவரும். அதற்குப் பலகணி இல்லை, இருக்கவும் கூடாது. ஒளியும் ஈரமும் எலியும் புகாதிருப்பதே அதன் சிறப்பு. தடித்த சுவர், குவிந்த கூரை, வட்டமான உட்புறம். அங்கே நின்று பாடினால் ஒலி சுவரில் மோதிச் சுழன்று, சொல்லின்மேல் சொல் ஏறிக் குழம்பும். தவில் வாசித்தாலோ தாளமே தெரியாது. நூறு பேரை உள்ளே அமர்த்தினால் மூச்சு முட்டும். மூச்சு முட்டாதிருக்கச் சுவரைத் துளைத்தால், நானூறாண்டு நின்ற வட்டச்சுவரின் கட்டுக்குலையும். குளிரூட்டி வைத்தால் ஈரம் கோக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற்சுவர் காற்றை உள்வாங்கி வெளிவிடும் தன்மையது. அதன்மேல் சீமைக்காரை பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் செங்கல்லைப் பொடியாக்கும். பழங்கோயில்கள் பலவற்றில் நல்ல எண்ணத்தோடு பூசிய சீமைக்காரை செய்த கேட்டைப் பொறியாளர் அறிவர்.

ஆகவே திருப்பாலைத்துறை போன்ற இடங்களில் கலை நிகழ வேண்டிய இடம் களஞ்சியத்தின் உள் அன்று, அதன் முன். களஞ்சியத்தின் அருகில் எங்கே வெளி கிடைக்கின்றதோ, அங்கே பழைய முறைப்படி சாணமிட்டு மெழுகிய களம் ஒன்று அமைதல் வேண்டும். அது மேடை அன்று. உயர்த்திக் கட்டிய சீமைக்காரை மேடை வந்தால் அதன்மேல் நாற்காலி வரும். நாற்காலி வந்தால் மாலையும் பொன்னாடையும் வரும். பிறகு கலைஞனுக்கு இடம் இராது. தரையோடு தரையாய், வட்டமாய், சுற்றிலும் மக்கள் அமர்ந்து பார்க்கும் களமாய் இருத்தல் வேண்டும். நடவுப்பாட்டும் ஏற்றப்பாட்டும் கும்மியும் ஒயிலும் பறையாட்டமும் பிறந்த இடம் அத்தகைய தரையே. கும்பகோணப் பகுதியின் பாவைக்கூத்துக்கும் அங்கே இடமுண்டு. காவிரிக்கரைத் தமிழிசையும் அங்கே ஒலிக்கலாம். சீகாழி மூவராகிய முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் இப்படுகையில்தான் தமிழில் இசைப்பாட்டு இயற்றினர். ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட பாபநாசம் சிவனின் தமிழ்ப்பாட்டுகளைப் பாபநாசத்திற் பாடாமல் வேறெங்குப் பாடுவது? தஞ்சையில் இருந்து 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரின் இசையாய்வை மாணவர்க்கு விளக்கும் பேச்சும் அங்கே நிகழலாம்.

பாபநாச வட்டத்தைச் சேர்ந்த மெலட்டூரில் ஆண்டுதோறும் ஆடப்பெறும் பாகவத மேளம் தெலுங்கில் நடப்பது. நாயக்கர் காலத்தில் வேரூன்றிய கலை. களஞ்சியத்தைக் கட்டியவரும் நாயக்கரே. அதற்கும் களத்தில் இடமுண்டா என்று யாரேனும் கேட்கலாம். இடமுண்டு, விருந்தாளியின் இடம். வீட்டுக்காரன் திண்ணையில் நிற்க விருந்தாளி கூடத்தில் ஆளும் நிலை இசைமேடைகளில் நெடுங்காலம் நிலவியது. அதனை மாற்றவே 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. அந்நிலை இக்களத்தில் மீண்டும் வராதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

களஞ்சியத்தின் உள்ளே என்ன வைப்பது? நெல்லைப் பற்றிய அறிவை வைக்கலாம். அது காற்றுப் புகாத இருட்டிலும் கெடாது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக்கவுனி, பூங்கார், குழியடிச்சான், தூயமல்லி எனப் பழைய நெல்வகைகளின் கதிர்கள். மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு என்னும் அளவைகள். குதிரும் குலுக்கையும் பத்தாயமும் செய்முறை விளங்க. ஏர், பரம்பு, கவலை ஆகியவற்றின் உறுப்புகள் தத்தம் பெயரோடு. ஒவ்வொன்றன் கீழும் தமிழ்ப்பெயரும், அப்பெயர் வழங்கும் வட்டாரமும். 2018இல் மறைந்த நெல் செயராமன் 170க்கும் மேற்பட்ட நெல்வகைகளைத் தேடித் திரட்டி, ஆதிரங்கத்தில் நெல்விழா நடத்தி, வந்த உழவர்க்கு விதை கொடுத்து, பெருக்கித் திருப்பித் தருமாறு சொல்லி அனுப்பினார். விதைநெல் காட்சிப்பேழைக்குள் கிடந்தால் சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும். ஆண்டுதோறும் வயலுக்குப் போய் வந்தால்தான் உயிரோடு இருக்கும். களஞ்சியத்திலுள்ள விதைக்கும் அம்முறையே வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துச் சென்றவன் அறுவடைக்குப்பின் இருகைப்பிடி கொண்டுவந்து சேர்த்தல்.

இனி, பலரும் பேச விரும்பாத ஒன்று. அக்களஞ்சியம் நிறைந்திருந்த காலத்தில் அதனை நிறைத்தவன் வயிறு நிறைந்திருந்ததா? கோயிலுக்கும் அரசனுக்கும் பண்ணைக்கும் நெல் அளந்த கை, தனக்கென அளந்துகொள்ள உரிமையற்ற கையாய் இருந்தது. படுகை நாட்டில் பண்ணையாள் முறை எத்தகையது என்பதை வரலாறு மறைக்கவில்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்தபின்னும் கூலிப்படியின் அளவு பற்றிய போராட்டம் ஓயவில்லை. 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளுமே அவருள் மிகுதி. நெல்லின் மரபைக் காட்டும் இடத்தில் இது இல்லையாயின், அங்குள்ள மரக்காலும் படியும் வெறும் அழகுப்பொருள்களே. அளவைகளை அடுக்கியிருக்கும் அதே பலகையில், கூலியாக அளந்த படி எது, வாரமாக அளந்த மரக்கால் எது, இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு எவ்வளவு என்பதும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஊர்ப்பெருமைக்கு இழுக்கு என்று சிலர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும்.

அதே காரணத்தால், களத்தை நடத்தும் குழுவில் முதலில் அமர வேண்டியவர் அவ்வுழைப்பாளரின் வழிவந்தோர். பறையாட்டக்காரனை ஆண்டுக்கொருமுறை அழைத்து ஆடச் சொல்லி, கைதட்டி, பின்வாசல் வழியே அனுப்பிவிடுவது கலைத்தொண்டு ஆகாது. எந்நாளில் எக்கலை என்று முடிவு செய்யும் இடத்தில் அவன் இருத்தல் வேண்டும். கணக்கேட்டில் கையொப்பமிடும் இடத்திலும்.

சட்டத்தைச் சிலர் தடையாகக் காட்டுவர். 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் பழங்கட்டடக் காப்புச் சட்டத்தின்படி, காக்கப்பட்ட கட்டடத்தில் துறையின் இசைவின்றி எம்மாற்றமும் செய்யலாகாது. நன்று, மாற்றம் செய்ய வேண்டும் என்று இங்குக் கேட்கப்படவே இல்லை. சுவரில் ஓர் ஆணியும் அடிக்க வேண்டுவதில்லை. உள்ளே வைப்பனவற்றைத் தரையில் மரச்சட்டங்களின்மேல் வைக்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். களம் வெளியில் அமைவதால், கட்டடத்துக்குரிய இடைவெளியைத் துறையே வரைந்து கொடுக்கலாம். ஒலிபெருக்கியின் அதிர்வு பழஞ்சுவருக்கு ஆகாது. வட்டமாய் அமர்ந்த முந்நூறு பேருக்குப் பாட ஒலிபெருக்கி எதற்கு? வெடி கூடாது, களஞ்சியத்தருகே அடுப்பு மூட்டுதல் கூடாது. சினேப்பில் ஓரிரவில் கூரை போனதை நினைத்துக்கொண்டால் இதனை வலியுறுத்த வேண்டுவதில்லை. இசைவு கேட்டு எழுதும் விண்ணப்பம் தூய தமிழில், ஒரே பக்கத்தில், ஊரார் கையொப்பங்களோடு போகட்டும். துறையில் தொல்லியல் கற்ற நல்லுள்ளத்தார் உளர். பூட்டிய கட்டடத்தைக் காவல் செய்வதைவிட வாழும் கட்டடத்தைக் காவல் செய்வது அவர்க்கும் எளிது. ஆள் புழங்கும் இடத்தில் அரசங்கன்று சுவரில் முளைத்தால் அன்றே கண்ணிற்படும். ஆளில்லா இடத்தில் அது மரமாகிச் சுவரைப் பிளந்த பின்னரே தெரியவரும்.

பழைய கட்டடம் புதிய கலையாக மாறுவது படுகை நாட்டார்க்குப் புதிதும் அன்று. கும்பகோணத்துக்கு அப்பால் உள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர், ஆச்சா மரத்தையே தேடுவர். அதிலும் பச்சை மரத்தைத் தொடமாட்டார். இடித்த பழைய வீடுகளின் தூணும் உத்தரமுமாய் நெடுங்காலம் காய்ந்து, ஈரமெல்லாம் போய் இறுகிய மரத்தை வாங்கிவந்து கடைந்து துளையிடுவர். எந்த வீட்டுக் கூடத்தையோ தாங்கிய உத்தரம், கடைச்சலில் ஏறி நாகசுரமாகித் திருமணத்தில் முழங்கும். 2022இல் அந்நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்க் கைவினைஞர்க்குத் தெரிந்த ஒன்று, பழங்கட்டடம் என்றவுடன் இடிப்பு ஒப்பந்தத்தை எண்ணும் அலுவலர்க்கும் தெரிந்தால் நல்லது.

திருப்பாலைத்துறையை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டுவதில்லை. கோயில்களின் நெற்கூடங்களும், பெருவீடுகளின் பத்தாய அறைகளும், ஊர்ப்பொதுக் களங்களும் இன்னும் எங்கெங்கோ எஞ்சியுள்ளன. தத்தம் ஊரில் எது எஞ்சியுள்ளது, யார் பெயரில் உள்ளது, கூரை எந்நிலையில் உள்ளது என்பதை அவ்வவ்வூர் ஆசிரியரும் மாணவரும் ஒரு விடுமுறைக்குள் எழுதி முடித்துவிடலாம். எழுதியதன் படி ஒன்று ஊராட்சியிலும், படி ஒன்று பள்ளி நூலகத்திலும் இருக்கட்டும். ஒரு பவுண்டு விலைக்கு வருமுன்பே அதனைத் தெரிந்துவைத்திருத்தல் நலம்.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வரும் தைத்திங்களில், பொங்கலை அடுத்த ஒரு மாலையில், களஞ்சியத்தின் முன்னுள்ள வெளியைப் பெருக்கி மெழுகி, அமர்வார் அவரவர் வீட்டுப் பாயை அவரவரே கொண்டுவந்து விரித்தால் போதும். முதலிற் பாடுவது நடவுப்பாட்டாக இருக்கட்டும். அப்பாட்டை முழுமையாய் அறிந்த மூதாட்டியர் சிற்றூர்களில் இன்னும் உளர். ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர்களை மார்கழியிலேயே வீடு தேடிச் சென்று அழைத்து, அன்று வண்டி வைத்துக் கூட்டிவரல் வேண்டும். பனிக்காற்று அவர்க்கு ஆகாது. பொழுது சாயுமுன் அவர்கள் முறை வருமாறு வைத்துக்கொள்ளலாம். பாடியபின், பழைய ஏர்க்களத்து வழக்கப்படி, அவர்தம் மடியில் ஒரு மரக்கால் நெல் அளந்து விடுதலும் வேண்டும்.